பழுதைக் கண்டறிவதும் வேலைதான்

(கொழும்பு வெள்ளவத்தையில் ஆற்றப்பட்ட பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைய பேச்சு, நம் வீட்டு வாசலில் நிற்கும் பாவித்த சிறிய காரைப் பற்றியது. மாருதி 800, அல்டோ, விட்ஸ், நிசான் மார்ச், வாகன் ஆர், ஹொண்டா ஃபிட், அக்குவா. வெள்ளவத்தையின் எந்த ஒழுங்கைக்குள் நுழைந்தாலும், கொட்டாஞ்சேனையின் எந்தச் சந்தியில் நின்றாலும் இவற்றில் ஒன்றையாவது காண்பீர்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும், அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்வதும், கடைக்குச் சாமான் ஏற்றுவதும் இவற்றில்தான்.

2020 மார்ச்சில், அந்நியச் செலாவணியைக் காப்பதற்காக அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு அந்தக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரி 1ஆம் திகதி. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் இந்த நாட்டுக்குள் புதிதாகக் கார் வருவது அரிதாக இருந்தது. இருந்தவற்றை வைத்தே ஓடினோம். இடையில் 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. அந்த ஆண்டு ஜூன் 26ஆம் திகதி 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய் ஆனது. அடுத்த மாதம் கியூஆர் முறை வந்து, காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். கதவு திறந்த பிறகும் வரியும் விலையும் சேர்ந்து புதிய காரை நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டாமலே வைத்திருக்கின்றன. ஆகவே பழைய காரைச் சரியாகப் பேணுவது இன்று குடும்பப் பொருளாதாரத்தின் ஒரு பகுதி.

அந்தப் பேணுதலில் எங்கே தவறுகிறோம்? கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பற்றரியை மாற்றுகிறோம். சூடேறினால் ரேடியேட்டரை மாற்றுகிறோம். உதறினால் பிளக், கொயில், இன்ஜெக்டர் என்று வரிசையாக மாற்றுகிறோம். நான்காவது பாகத்தில் கார் சரியாகிவிடுகிறது. முதல் மூன்றுக்கும் கொடுத்த காசு போனது போனதுதான்.

இதற்கு மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஒரு மெக்கானிக் ஒரு மணித்தியாலம் மீற்றரை வைத்துத் தேடி, எஞ்சினுக்குப் போகும் ஏர்த் கம்பி துருப்பிடித்திருப்பதைக் கண்டுபிடித்துச் சுரண்டி இறுக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் என்ன சொல்வோம்? 'ஒரு நட்டைத்தானே இறுக்கினீர்கள், இதற்கு இவ்வளவா?' அதே மனிதர் ஐந்து நிமிடத்தில் புதுப் பற்றரியைப் பூட்டினால் முகம் சுளிக்காமல் காசை எண்ணிக் கொடுப்போம். சாமானுக்குக் கொடுக்கிறோம், தேடலுக்குக் கொடுப்பதில்லை. தேடிக் கண்டுபிடிப்பவர் நட்டப்படும் தொழிலில் எவர் தேடுவார்? ஊகித்து மாற்றும் பழக்கம் இங்கிருந்துதான் வளர்கிறது. பழுதைக் கண்டறிவது ஒரு தனி வேலை, அதற்குத் தனிக் கூலி உண்டு என்று நாம் ஏற்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது அதைத்தான். அந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் அதன் பெறுமதி விளங்கும் என்பதால், நாம் அடிக்கடி சந்திக்கும் சில பழுதுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

திருத்துவது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. மொறிஸ் மைனர் பிரித்தானியாவில் 1948இல் வெளிவந்த கார். அங்கே அது அருங்காட்சியகப் பொருளாகிக்கொண்டிருந்த காலத்தில் இங்கே ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் அதில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பிறகு இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையத்தை நடத்திய சார்ள்ஸ் வெயாரின் முயற்சியால் அந்தக் காரின் தகட்டுப் பாகங்கள் இலங்கையிலேயே செய்யப்பட்டு பிரித்தானியாவுக்கு ஏற்றுமதியாகின. கார் பிறந்த நாட்டுக்கே உதிரிப்பாகம் அனுப்பிய கைகள் நம்முடையவை. கைத்திறனில் நமக்குக் குறைவில்லை. அந்தக் கைத்திறனோடு அளந்து பார்க்கும் பழக்கமும் சேர வேண்டும்.

கார் எங்கே வாழ்கிறது என்பதையும் முதலில் பார்க்க வேண்டும். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையில் நிற்கும் காரின்மேல் இரவு பகலாக உப்புக் காற்று படிகிறது. பற்றரி முனைகள், ஏர்த் கம்பிகள், ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள், பிரேக் கலிப்பரின் ஊசிகள், கதவடித் தகடு ஆகியவற்றை அது முதலில் பிடிக்கிறது. கொட்டாஞ்சேனைக் காருக்கு வேறு வாழ்க்கை. துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லொறிகளுக்குப் பின்னால் முதலாம் கியரில் ஊர்ந்து, இரண்டு கிலோமீற்றர் போய், நின்று, மறுபடி ஸ்டார்ட் ஆகி, மறுபடி ஊரும். கிளச் தேயும், காற்றாடி ஓயாமல் சுழலும், பற்றரி இழந்த மின்னை மீட்க நேரம் கிடைக்காது, எஞ்சின் ஒயில் சீக்கிரம் கறுக்கும். மைலேஜ் குறைவு என்பதால் ஒயில் மாற்றத் தேவையில்லை என்று நினைப்பது தவறு. குறுந்தூர ஓட்டம் எஞ்சினுக்குக் கடுமையான ஓட்டம். கிலோமீற்றர் நிரம்பாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒயிலை மாற்றுங்கள்.

முதல் பழுது: காலையில் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. சாவியைத் திருப்பும்போது காது கொடுங்கள். எஞ்சின் வழக்கம்போல் சுழல்கிறது, ஆனால் பற்றிக்கொள்ளவில்லை என்றால் பற்றரியை விட்டுவிடுங்கள். தீப்பொறி வரவில்லை, அல்லது பெற்றோல் வரவில்லை. 'டிக் டிக் டிக்' என்று வேகமாகத் தட்டினால் மின்னழுத்தம் போதவில்லை. ஒரே ஒரு 'டக்' கேட்டு நின்றால் ஸ்டார்ட்டர் மோட்டாரையோ அதன் இணைப்பையோ சந்தேகிக்கலாம். எந்தச் சத்தமும் இல்லையென்றால் சுவிட்ச், ரிலே, ஒட்டோ கியர் காராக இருந்தால் கியர் 'பி'யில் சரியாக விழுந்திருக்கிறதா என்பதைப் பாருங்கள். இந்த நான்கையும் பிரித்துச் சொல்லக்கூடிய காது எல்லோருக்கும் உண்டு.

அடுத்தது மல்டிமீற்றர். விலை குறைந்த ஒரு கருவி. இரவு முழுக்க நின்ற காரில் நல்ல பற்றரி 12.6 வோல்ற்று காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. ஸ்டார்ட் செய்யும் கணத்தில் 9.6க்குக் கீழே விழுந்தால், பற்றரி நிரம்பியிருந்தும் அப்படி விழுகிறதா என்று பார்க்க வேண்டும். நிரம்பியும் விழுந்தால் அது தளர்ந்துவிட்டது. எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8க்கும் 14.4க்கும் இடையில் இருக்க வேண்டும். சில புதிய ஜப்பான் கார்களில் கணினி சார்ஜைக் குறைத்துக் கூட்டுவதால் சற்று மாறலாம். எஞ்சின் ஓடியும் 12.3இலேயே நின்றால் ஒல்டர்னேட்டர் வேலை செய்யவில்லை. அப்போது புதுப் பற்றரி போட்டால் அதுவும் விரைவில் இறங்கிவிடும்.

வெள்ளவத்தைக்காரர் செய்ய வேண்டிய இன்னொரு சோதனை உண்டு. மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் மறை முனையிலும், மற்றதை எஞ்சினின் வெறும் உலோகத்திலும் வைத்துக்கொண்டு ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். 0.2, 0.3 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் ஏர்த் இணைப்பு கெட்டிருக்கிறது. சிறிய காரின் ஸ்டார்ட்டர் 150 அம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். துருப்பிடித்த இணைப்பில் நூறில் ஒரு ஓம் தடை இருந்தாலே ஒன்றரை வோல்ற்று அங்கேயே போய்விடும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துரு பற்றரியின் எட்டில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. பரிகாரம், மறை முனைக் கம்பியை முதலில் கழற்றி, வெந்நீரில் கரைத்த அப்பச் சோடாவால் முனைகளைக் கழுவி, உலர்த்தி, உப்புத்தாள் தேய்த்து, கிறீஸ் பூசி, மறை முனையைக் கடைசியாக இறுக்குவது. அவ்வளவுதான்.

கார் ஓடும்போது நன்றாக இருந்து, இரண்டு நாள் நின்றால் மட்டும் பற்றரி இறங்கினால், எதுவோ தூக்கத்திலும் மின்னைக் குடிக்கிறது. சாதாரணமாக நிற்கும் கார் 50 மில்லி அம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது. பிறகு பூட்டிய கமராவோ இசைப்பெட்டியோ அரை அம்பியர் எடுத்தால் ஒரு நாளில் 12 அம்பியர் மணி போய்விடும். சிறிய கார்களில் பரவலாக உள்ள 35 அம்பியர் மணிப் பற்றரி அதை மூன்று நாள் தாங்காது. ஒவ்வொரு பியூசாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது மின்னோட்டம் விழுகிறது என்று பார்ப்பதே வழி. பொறுமை கேட்கும் வேலை இது. இதற்குக் கூலி கேட்கும் மெக்கானிக்குக் கேட்டதைக் கொடுங்கள்.

இரண்டாவது பழுது: சூடேறுதல். 'எப்போது சூடேறுகிறது?' இந்த ஒரு கேள்வியே பாதி விடையைத் தந்துவிடும். கொட்டாஞ்சேனை நெரிசலில் சூடேறி, அதிவேகப் பாதையில் சூடு இறங்கிவிடுகிறது என்றால், நிற்கும்போது காற்று கிடைக்கவில்லை. காற்றாடி மோட்டார், அதன் ரிலே, வெப்ப சென்சர் ஆகியவற்றைப் பாருங்கள். ஊருக்குள் ஒழுங்காக இருந்து கடுகண்ணாவை ஏற்றத்தில் சூடேறுகிறது என்றால், காற்று இருக்கிறது, நீரோட்டம் போதவில்லை. ரேடியேட்டர் உள்ளே அடைபட்டிருக்கும், அல்லது வாட்டர் பம்ப் தளர்ந்திருக்கும். எங்கும் ஒழுக்கு இல்லாமல் தண்ணீர் குறைந்துகொண்டே வந்து, எஞ்சின் ஓடும்போது சேமிப்புப் போத்தலில் குமிழ்கள் ஓயாமல் வந்தால், ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். ஒயில் மூடியின் அடியில் பால் கலந்தது போன்ற களி, சூடான பிறகும் விடாத வெண்புகை ஆகியவை அந்தச் சந்தேகத்தை வலுப்படுத்தும். அந்த நிலையில் 'வீடு வரைக்கும் மெல்லப் போய்விடலாம்' என்று ஓட்டாதீர்கள். அலுமினிய ஹெட் வளைந்துவிட்டால் சிறிய செலவு பெரிய செலவாகும்.

ரேடியேட்டர் மூடியை நாம் மதிப்பதில்லை. அது பிரஷர் குக்கரின் விசில் போன்றது. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காமல் கிட்டத்தட்ட 120 பாகை செல்சியஸ் வரை தாங்குகிறது. மூடியின் ரப்பர் வெடித்துவிட்டால் அழுத்தம் நிற்காது, தண்ணீர் சீக்கிரம் கொதித்து வெளியேறும். சூடேறும் காருக்கு முதலில் சோதிக்க வேண்டியவற்றுள் மலிவானது அதுதான். ஆனால் எஞ்சின் சூடாக இருக்கையில் அதைத் திறக்கவே கூடாது. அதே அழுத்தம் கொதிநீரை முகத்தில் அடிக்கும்.

இன்னொரு வழக்கத்தையும் நாம் கைவிட வேண்டும். 'நம்முடையது வெப்ப நாடு, தெர்மோஸ்டாட் வால்வு தேவையில்லை' என்று அதைக் கழற்றி எறிகிறார்கள். தெர்மோஸ்டாட்டின் வேலை எஞ்சினை விரைவில் சரியான வெப்பத்துக்குக் கொண்டுவந்து அங்கேயே வைத்திருப்பது. பல எஞ்சின்களில் அது 82 பாகை அளவில் திறக்கத் தொடங்குகிறது. அது இல்லாவிட்டால் எஞ்சின் குளிர்ந்தே ஓடும். கணினி அதைக் குளிர் எஞ்சின் என்று நினைத்து அதிகப் பெற்றோல் கொடுக்கும். எரியாத பெற்றோல் ஒயிலில் கலக்கும், சிலிண்டர் தேயும். 470 ரூபாய்க்குப் பெற்றோல் அடித்த நாட்களில் எத்தனை கார்கள் இந்த ஒரு வால்வு இல்லாமல் பெற்றோலை வீணடித்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். குழாய்த் தண்ணீருக்குப் பதிலாக முறையான கூலன்ட் ஊற்றுங்கள். கொதிநிலையை உயர்த்துவதோடு உள்ளே துருவும் சுண்ணாம்பும் படியாமல் தடுப்பதும் அதுவே.

மூன்றாவது பழுது: உதறலும் இழுவைக் குறைவும். மாருதி 800இன் எஞ்சின் 796 கன சென்ரிமீற்றர், மூன்று சிலிண்டர். அல்டோவும் வாகன் ஆரும் ஆயிரம் சீசீ விட்ஸின் பிந்திய மாதிரிகளும் பெரும்பாலும் மூன்று சிலிண்டர்தான். மூன்றில் ஒன்று வேலை செய்யாவிட்டால் மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விடுகிறது. ஸ்டியரிங் நடுங்கும், காலி வீதிச் சிவப்பு விளக்கில் கார் முழுதும் அதிரும்.

காபரேட்டர் கொண்ட பழைய மாருதியில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் விரிசல், பிளக் வயரின் கசிவு, காபரேட்டருக்குள் படிந்த அழுக்கு என்று தேட வேண்டும். புதிய கார்களில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் கொயில். காரின் கணினியை வாசிக்கும் ஸ்கானரைக் கொழுவினால் 'பி0301' என்ற கோட் வருகிறது. முதலாம் சிலிண்டர் எரியவில்லை என்பது அதன் பொருள். உடனே கொயில் வாங்கப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்கு ஓட வேண்டாம். முதலாம் சிலிண்டரின் கொயிலை இரண்டாவதற்கும், இரண்டாவதை முதலாவதற்கும் மாற்றிப் பூட்டி, அந்தக் கோட் எண்ணை அழித்து, மறுபடி ஓட்டுங்கள். இப்போது 'பி0302' என்று வந்தால் பழுது கொயிலோடு இடம்மாறிவிட்டது, கொயில்தான் குற்றவாளி. பி0301 அங்கேயே நின்றால் கொயில் நல்லது. இதே முறையில் பிளக்கை மாற்றிப் பாருங்கள், பிறகு இன்ஜெக்டரை. ஒரு ரூபாய் செலவில்லாமல் மூன்று பாகங்களை விசாரித்து முடித்துவிடலாம்.

மூன்றும் நல்லவை என்றால் கம்ப்ரெஷன் அளக்க வேண்டும். ஒரு சிலிண்டர் மற்ற இரண்டையும்விட வெகுவாகக் குறைந்தால், அதற்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளக்கிறோம். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வையோ கேஸ்கெட்டையோ பார்க்க வேண்டும். எஞ்சினைத் திறக்காமலே எஞ்சினுக்குள் பார்க்கும் இந்த அறிவை நம் தொழிலின் பெரும் செல்வம் என்று நான் கருதுகிறேன்.

எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் விரைவில் காட்டுங்கள். அது மினுங்கினால் வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்துங்கள். அப்போது சிலிண்டரில் எரியாத பெற்றோல் புகைக் குழாய் வழியே கற்றலிட்டிக் கொன்வேட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. பிளாட்டினம், பலேடியம், ரோடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் பூசப்பட்ட பாகம் அது. சில ஆயிரம் ரூபாய்க் கொயிலைக் கவனிக்காமல் விட்டால் அதையும் இழப்போம்.

ஸ்கானரைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கா 1996இல் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமாக்கிய 16 ஊசிச் சொக்கெட்டைத்தான் இன்று நம் கார்களின் டாஷ்போர்டுக்கு அடியிலும் காண்கிறோம். கைபேசியோடு இணையும் சிறிய கருவியை இப்போது எவரும் வாங்கலாம். அதனால் ஒரு மயக்கமும் வந்திருக்கிறது. 'பி0171' என்று வந்தால் ஒட்சிசன் சென்சரை மாற்றிவிடுகிறார்கள். அந்தக் கோட் சொல்வது, எரியும் கலவையில் பெற்றோல் குறைவு, காற்று அதிகம் என்பது மட்டும். வெடித்த வக்கியூம் குழாய், அழுக்கேறிய காற்றளவு சென்சர், தளர்ந்த பெற்றோல் பம்ப், புகைக் குழாயின் ஓட்டை, இவற்றில் எதுவும் காரணமாக இருக்கலாம். பல நேரம் அந்தச் செய்தியைச் சரியாக அறிவித்த சென்சரையே நாம் தூக்கி எறிகிறோம். கோட் வந்த இடத்தில்தான் தேடல் தொடங்குகிறது.

நம் கையில் ஆண்டுதோறும் கிடைக்கும் ஒரு சோதனை அறிக்கையும் இருக்கிறது. வருமான அனுமதிப்பத்திரத்துக்காகப் புகைப் பரிசோதனை செய்கிறோமே, 2008இல் தொடங்கிய திட்டம், அதன் தாளை யாராவது வாசித்திருக்கிறோமா? 'பாஸ்' என்ற சொல்லைப் பார்த்ததும் மடித்து வைத்துவிடுகிறோம். அதில் காபனோரொட்சைட்டின் அளவும் ஐதரோகாபனின் அளவும் இருக்கின்றன. முதலாவது கூடினால் பெற்றோல் அதிகமாகப் போகிறது. இரண்டாவது கூடினால் எங்கோ ஒரு சிலிண்டர் முழுதாக எரிக்கவில்லை. சென்ற ஆண்டுத் தாளோடு இந்த ஆண்டுத் தாளை ஒப்பிட்டால், கார் உதறத் தொடங்கும் முன்பே பழுதின் வருகையை அறியலாம்.

நான்காவது, அக்குவா போன்ற ஹைபிரிட் கார்கள். ஜப்பானில் 2011 டிசெம்பரில் வெளிவந்த அக்குவா, வரிச் சலுகைக் காலத்தில் இங்கே நிறைய வந்தது. பின்னாசனத்தின் கீழே 144 வோல்ற்றுப் பற்றரி. அதைக் குளிரச் செய்யும் காற்று பின்னாசன ஓரத்திலுள்ள ஒரு சிறு வாயில் வழியே உள்ளே இழுக்கப்படுகிறது. அந்த வாயிலை மறைத்துப் பையை வைப்போம், துணியைப் போடுவோம். தூசியும் முடியும் காற்றாடியை அடைக்கும். பற்றரி வெந்து வயதாகும். ஹைபிரிட் பற்றரி பழுதென்று விளக்கு எரிந்தால் முதலில் அந்தக் காற்றாடியைச் சுத்தம் செய்தார்களா என்று கேளுங்கள். சுத்தம் செய்யாமல் புதுப் பற்றரி போட்டால் அதற்கும் அதே வெப்பம் காத்திருக்கும். ஆனால் செம்மஞ்சள் நிறக் கம்பிகளை வீட்டில் யாரும் தொடக் கூடாது. அது உயிரைக் குடிக்கும் மின்சாரம். பயிற்சியும் கையுறையும் உள்ளவரிடம் விடுங்கள்.

ஐந்தாவது, பிரேக். இங்கே ஊகத்துக்கு இடமே இல்லை. பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுத்தால், ஓட்டி நிறுத்திய பின் ஒரு சில்லு மட்டும் கொதித்தால், கலிப்பர் ஊசி உப்பில் இறுகியிருக்கலாம். ஒரு பட்டை முழுதும் தேய்ந்திருக்க மற்றது புதிதாக இருக்கும். பட்டையை மட்டும் மாற்றி, ஊசியைக் கழற்றிச் சுத்தம் செய்து கிறீஸ் பூசாமல் விட்டால் அடுத்த பட்டையும் அப்படியே தேயும். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 வகை புதிதாக இருக்கையில் 205 பாகை வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கலாம். நுவரெலியாவிலிருந்து இறங்கி வரும்போது பெடல் தரைவரை போவது இதனால்தான். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுங்கள்.

இனி, பாவித்த கார் வாங்கப் போகிறவர்களுக்கு. காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கையில் போங்கள். விற்பவர் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறாரா என்று போனட்டில் கை வைத்துப் பாருங்கள். குளிர் ஸ்டார்ட்டில் நீலப்புகை வந்து மறைந்தால் வால்வு சீல் தேய்ந்திருக்கும். ஓடிய தூரத்தை மீற்றரை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். பெடல் ரப்பரும் ஸ்டியரிங் தோலும் சாரதி ஆசனமும் சொல்வதோடு அது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

கொழும்பில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகளில் வீடுகளோடு கார்களும் மூழ்கின. அத்தகைய வெள்ளத்துக்குப் பின் கழுவித் துடைக்கப்பட்ட கார்கள் சந்தைக்கு வரும். ஆசனப் பட்டியைக் கடைசி வரை வெளியே இழுங்கள். நுனியில் சேற்றுக் கறை இருக்கிறதா? ஆசனத் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா? முன்விளக்குக்குள் நீர்க்கோடு இருக்கிறதா? கம்பளத்துக்கு அடியில் மணல் இருக்கிறதா? வயரிங்குக்குள் புகுந்த தண்ணீர் ஒரு வருடம் கழித்துத்தான் தன் வேலையைக் காட்டும்.

உதிரிப்பாகத்துக்குப் பஞ்சிகாவத்தை இருக்கிறது. இறக்குமதி நின்ற ஆண்டுகளில் இந்நகரத்தின் பழைய கார்களை ஓட வைத்ததில் அந்தக் கடைகளுக்குப் பெரும் பங்குண்டு. சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் என்று எல்லோரும் ஒரே மொழியில் 'கொயில்', 'சென்சர்', 'லோவர் ஆர்ம்' என்று கதைக்கும் இடம் அது. போகும்போது பழைய பாகத்தைக் கையோடு கொண்டு போங்கள், பாக இலக்கத்தை ஒப்பிடுங்கள், மாற்றித் தரும் நாட்களைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். ஜப்பானில் பாவித்த அசல் பாகம் பல நேரம் பெயர் தெரியாத புதுப் பாகத்தைவிட நின்று உழைக்கும். பிரேக் பட்டை, டைமிங் பெல்ட், ரப்பர் குழாய் ஆகியவற்றை மட்டும் பாவித்ததாக வாங்கவே வேண்டாம்.

மெக்கானிக்கிடம் போகும்போது, 'கொயில் மாற்ற வேண்டும்' என்று நீங்களே தீர்ப்பு எழுதிக்கொண்டு போகாதீர்கள். கண்டதைச் சொல்லுங்கள். எப்போது தொடங்கியது, எஞ்சின் குளிரிலா சூட்டிலா, எந்த வேகத்தில், ஏசி போட்டபோதா, மழைக்குப் பிறகா, கடைசியாக யார் எதை மாற்றினார்கள். ஒரு சிறு கொப்பியில் திகதியும் கிலோமீற்றரும் போட்டு எழுதி வைத்தால் அது எந்தக் கருவியையும்விட மெக்கானிக்குக் கைகொடுக்கும். பிறகு இரண்டு விலையைத் தனித்தனியே கேளுங்கள்: 'பழுதைப் பார்த்துச் சொல்ல எவ்வளவு? திருத்த எவ்வளவு?' பார்த்துச் சொன்னதற்கான காசை, அங்கே திருத்தினாலும் திருத்தாவிட்டாலும், அப்போதே கொடுங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். நல்ல மெக்கானிக் இதனால் கோபிக்க மாட்டார். தன் அறிவுக்கு மதிப்புக் கிடைத்ததென்று மகிழ்வார்.

தொழில் செய்யும் சகோதரர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். எதை அளந்தீர்கள், என்ன எண் வந்தது என்று பற்றுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள். 'பற்றரி 12.5, ஸ்டார்ட்டில் 10.4, சார்ஜ் 14.1, ஏர்த் இழப்பு 0.9, ஏர்த் கம்பி சுத்தம் செய்யப்பட்டது' என்று ஒரு வரி எழுதினால், நீங்கள் கேட்கும் கூலிக்கு அதுவே சாட்சி. ஒரு நட்டைத்தானே இறுக்கினாய் என்று எவரும் கேட்க முடியாது.

இளையோருக்கு நான் சொல்வது, இந்தத் தொழில் படிப்பு கேட்கும் தொழில். 1959இல் தொடங்கிய இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவகம் மொறட்டுவையில் இருக்கிறது. கொட்டாஞ்சேனைக்கு அருகே ஒருகொடவத்தையில் வாகனப் பொறியியல் பயிற்சி நிலையம் இருக்கிறது. ஆனால் பலர் இங்கே நிற்பதில்லை. 2022இல் மாத்திரம் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். அவர்களில் கைத்தொழில் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். போனவர்களை நான் குறை சொல்லவில்லை. அறிவுக்குக் கூலி கிடைக்கும் இடத்துக்கு அறிவு போகும். இங்கேயே அந்தக் கூலி கிடைத்தால் இங்கேயே நிற்கும்.

அடுத்த தடவை உங்கள் காரில் ஒரு விளக்கு எரியும்போது, 'என்ன மாற்ற வேண்டும்?' என்று கேட்காதீர்கள். 'என்ன காரணம், எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?' என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லக்கூடியவரைத் தேடிப் பிடியுங்கள், அவர் நேரத்துக்கு உரிய காசைக் கொடுங்கள், அயலவருக்கும் அவர் பெயரைச் சொல்லுங்கள். வெள்ளவத்தையில் நூறு வீடுகளும் கொட்டாஞ்சேனையில் நூறு வீடுகளும் இப்படிக் கேட்கத் தொடங்கினால், இந்த நகரத்தின் கராஜ்கள் அளந்து பார்த்துத் திருத்தும் கராஜ்களாக மாறியே தீரும்.